வாஹாவ் பள்ளத்தாக்கு: ஆற்றின் போக்கில் ஒரு நாள்

ஆஸ்திரியாவில் டான்யூப் ஆறு மெல்க் என்ற ஊரைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் மலை நெருக்க, வளைந்து வளைந்து ஓடி, 36 கிலோமீட்டர் கழித்து கிரெம்ஸ் ஊரில் சமவெளிக்கு வந்து சேர்கிறது. இந்த 36 கிலோமீட்டருக்குப் பெயர்தான் வாஹாவ். இரு முனையிலும் குன்றின்மேல் மடாலயங்கள். நடுவே பாறை உச்சிகளில் கோட்டைகள். ஆற்றோரம் தொடங்கி மலையின் பாதி உயரம் வரை படிப்படியாகத் திராட்சைத் தோட்டங்கள். 2000-ஆம் ஆண்டு யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. வியன்னாவிலிருந்து காலையில் கிளம்பி இரவு திரும்பிவிடலாம். முதல் முறை போகிறவர்கள் எந்த வரிசையில் போனால் அலைச்சல் இல்லாமல் பார்க்கலாம் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள்: ஆறு ஓடும் திசையிலேயே போகவேண்டும். மெல்க்கில் தொடங்கி கிரெம்ஸில் முடிக்கவேண்டும். நான் முதல் தடவை போனபோது இதைத் தலைகீழாகச் செய்தேன். கிரெம்ஸில் படகேறினேன். மெல்க் வரை எதிர்நீச்சலில் படகு போய்ச்சேரக் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் ஆனது. அதே தூரம் ஆற்றோடு வந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். மெல்க் மடாலயத்துக்குள் நுழையும்போது மூடும் நேரம் நெருங்கிவிட்டது. நூலகத்தில் நிற்கக்கூட முடியாமல் ஓடவேண்டியதாயிற்று. அந்த நாளின் வருத்தம் இன்னும் எனக்கு ஆறவில்லை.

எப்போது போவது

படகுகள் ஓடுவது ஏறத்தாழ ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரைதான். ஆண்டில் மூன்று பருவங்கள் சிறப்பானவை. மார்ச் கடைசியிலோ ஏப்ரல் தொடக்கத்திலோ சர்க்கரை பாதாமி (ஆப்ரிகாட்) மரங்கள் பூக்கும். இலை துளிர்க்கும் முன்பே பூத்துவிடுவதால் மரம் முழுக்க வெள்ளையாக இருக்கும். ஜூலையில் அந்தப் பழம் பழுக்கும், சாலையோரமெல்லாம் கூடையில் வைத்து விற்பார்கள். செப்டம்பர் கடைசி முதல் அக்டோபர் வரை திராட்சை அறுவடை. எனக்குப் பிடித்தது இந்த மூன்றாவது பருவம். மலை மஞ்சளாகியிருக்கும், கூட்டமும் சற்றுக் குறைந்திருக்கும். பூக்கும் நாள் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் பூவை மட்டும் நம்பிப் பயணச்சீட்டு எடுக்காதீர்கள்.

இயன்றால் வாரநாளில் போங்கள். ஞாயிற்றுக்கிழமை ஆஸ்திரியாவில் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், தண்ணீர் பாட்டிலும் ரொட்டியும் வாங்கவே சிரமம்.

வியன்னாவிலிருந்து மெல்க்

வியன்னாவில் வெஸ்ட்பான்ஹோஃப் ரயில் நிலையத்திலிருந்து மெல்க்குக்கு ரயில் உண்டு. சில ரயில்களில் சாங்க்ட் போல்டன் என்ற ஊரில் மாறவேண்டியிருக்கும். ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட ஆகும். திரும்பும்போது கிரெம்ஸிலிருந்து நேராக வியன்னாவின் ஃபிரான்ஸ் ஜோசஃப் பான்ஹோஃபுக்கு வந்துவிடலாம், அதுவும் ஒரு மணி நேரப் பயணம். இரண்டும் வெவ்வேறு நிலையங்கள். அதனால் போக வரச் சேர்த்து வியன்னா-மெல்க் சீட்டு எடுத்துவிடாதீர்கள், திரும்பும் பாதி வீணாகும். ரயில், மடாலய நுழைவு, படகு மூன்றையும் சேர்த்து ஒரே சீட்டாக ரயில்வே விற்பதுண்டு. அது இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

கார் வேண்டாம் என்பேன். கார் எடுத்தால் ஓட்டுகிறவர் மது தொடமுடியாது, சாலையிலிருந்து கண்ணெடுக்க முடியாது, கடைசியில் வண்டி நிற்கும் ஊருக்கே திரும்பி வந்தாகவேண்டும். மலையை அண்ணாந்து பார்க்கத்தானே இவ்வளவு தூரம் வருகிறோம்.

மெல்க்: இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்

ரயிலை விட்டு இறங்கி ஊரைப் பார்த்து நடந்தால் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு மாபெரும் கட்டடம் பாறைமேல் தெரியும். வழி கேட்கத் தேவையில்லை, பத்துப் பதினைந்து நிமிட நடைதான். 1089-இல் இரண்டாம் லியோபோல்ட் என்ற குறுநில மன்னர் தன் கோட்டையை பெனடிக்டின் என்ற கிறிஸ்தவச் சபையின் துறவிகளுக்குக் கொடுத்தார். துறவிகள் இன்றுவரை அங்கே இருக்கிறார்கள், பள்ளிக்கூடமும் நடத்துகிறார்கள். இப்போது நாம் பார்க்கும் கட்டடம் 1702-இல் தொடங்கி 1736-இல் முடிந்தது. கட்டடக் கலைஞர் யாகோப் பிராண்ட்டவர்.

கதவு திறக்கும் நேரத்திலேயே உள்ளே போய்விடுங்கள். முற்பகலில் உல்லாசக் கப்பல்களும் பேருந்துகளும் கூட்டத்தைக் கொண்டுவந்து இறக்கிவிடும். உள்ளே 196 மீட்டர் நீளமுள்ள அரசர் நடைக்கூடம் வழியாகத்தான் எல்லாம் தொடங்குகிறது. அருங்காட்சியக அறைகளை வேகமாகக் கடந்துவிட்டாலும் பெரிய நட்டமில்லை. பளிங்கு மண்டபத்தில் நில்லுங்கள். பளிங்கு என்று பெயர், ஆனால் உண்மையான பளிங்கு கதவு நிலைகளில் மட்டும்தான். சுவரெல்லாம் பளிங்குபோல் தெரியச் செய்த சுதை வேலை. கூரை ஓவியம் பவுல் ட்ரோகர் வரைந்தது. மண்டபத்தின் நடுவில் நின்று பார்த்தால் கூரை குவிமாடம்போல் மேலெழுந்து தெரியும். நாலடி ஓரமாக நகருங்கள், வரைந்த தூண்கள் சாய்கின்றன. கூரை தட்டையானது, வளைவெல்லாம் தூரிகை வேலை என்று அப்போதுதான் புரியும். காலடியில், தரையின் மையத்தில் ஓர் இரும்புக் கிராதி இருக்கும். குளிர்காலத்தில் அதன் வழியாகத்தான் சூடான காற்றை மேலே விட்டார்கள்.

மண்டபத்தைத் தாண்டியதும் ஆற்றைப் பார்த்த வளைவு மாடம். அடுத்தது நூலகம். தரையிலிருந்து கூரை வரை ஒரே நிறத் தோல் அட்டையில் புத்தகங்கள். அலமாரிகளுக்கு நடுவே கதவு இருக்கும் இடம்கூடத் தெரியாதபடி புத்தக முதுகுகளையே ஒட்டி மறைத்திருக்கிறார்கள். இங்கே அவசரப்படாதீர்கள். அச்சு வருவதற்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே துறவிகள் குனிந்து உட்கார்ந்து எழுதிய சுவடிகளும் இந்த மடத்தின் சொத்து. கடைசியாகச் சுழல் படிக்கட்டில் இறங்கினால் தேவாலயம். தங்க முலாம் கண்ணைப் பறிக்கும். கண் பழகும்வரை ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிடுவது நல்லது.

குளிர்காலத்தில் வழிகாட்டியுடன் மட்டுமே உள்ளே விடுவார்கள், அதற்கு நேரம் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

படகில் எந்தப் பக்கம் உட்காருவது

மடாலயத்திலிருந்து படகுத்துறைக்கு இருபது நிமிடமாவது வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்குச் சில படகுகளே உண்டு, ஒன்றை விட்டால் நாளே கலைந்துபோகும். சீட்டு வாங்கும்போது, நடுவில் இறங்கி அடுத்த படகில் ஏறலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏறியதும் மேல்தளத்தில் வலப்பக்கம் இடம் பிடியுங்கள். முதலில் வருவது ஷோன்பூல் கோட்டை, ஆற்றை ஒட்டிய பாறைமேல் வெங்காய வடிவக் கோபுரத்தோடு நிற்கும். சற்று நேரத்தில் அதே பக்கம், ஆற்றிலிருந்து ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்தில், ஆக்ஸ்டைன் கோட்டையின் இடிபாடு தெரியும். பார்த்தாலே ஒரு நடுக்கம் வரும். கூன்ரிங்கர் என்ற குடும்பம் இதை ஆண்டது. ஆற்றின் குறுக்கே சங்கிலி கட்டி வணிகப் படகுகளை நிறுத்திக் கொள்ளையடித்தார்கள் என்று ஊர்க்கதை. பின்னால் 1429-இல் ஷெக் என்ற பிரபு இதைத் திரும்பக் கட்டினார். அவரைப் பற்றி இன்னும் கொடிய கதை உண்டு. பிடித்தவர்களைப் பாறையின் விளிம்பில் ஒரு சிறு திட்டில் அடைப்பாராம். பசியால் சாகலாம், அல்லது குதித்துச் சாகலாம். அந்தத் திட்டுக்கு 'ரோஜாத் தோட்டம்' என்று பெயர்.

கதை கிடக்கட்டும். கோட்டைகள் ஏன் இங்கே இவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்று படகிலிருந்தே விளங்கிவிடும். அந்தக் காலத்தில் உப்பும் மதுவும் தானியமும் போன பெருஞ்சாலை இந்த ஆறுதான். ஆறு ஒடுங்கும் இடத்தில் உயரத்தில் உட்கார்ந்தவன் சுங்கம் வாங்குவான். மடாலயங்களுக்கு வேறு கணக்கு. திருப்பலிக்கு மது வேண்டும், விற்றுப் பணமும் வேண்டும். வெகுதூரத்துப் பவேரிய மடங்கள்கூட இங்கே மலைச்சரிவு வாங்கித் திராட்சை போட்டு, மதுவைப் படகில் ஏற்றி, கரையிலிருந்து குதிரைகளை விட்டு மேற்கே இழுத்துச் சென்றன. கோட்டை, மடம், தோட்டம் மூன்றையும் சேர்த்துக் கட்டியது இந்தத் தண்ணீர். அதனால்தான் ஒருமுறையாவது தண்ணீரிலிருந்து பார்க்கச் சொல்கிறேன்.

ஆக்ஸ்டைன் தாண்டியதும் இடப்பக்கம் மாறி உட்காருங்கள். அடுத்துக் கரையில் வில்லன்டோர்ஃப் என்ற சிற்றூர் வரும். 1908-இல் ரயில் பாதை போடும்போது, 11 சென்டிமீட்டர் உயரப் பெண் சிலை ஒன்று இங்கே மண்ணுக்குள் கிடைத்தது. வயது ஏறக்குறைய 30,000 ஆண்டுகள். மூலச் சிலை வியன்னாவின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஊரில் இருப்பது மாதிரிதான், இதற்காக இறங்கவேண்டாம்.

ஸ்பிட்ஸில் இறங்குங்கள்

கிரெம்ஸ் வரை படகிலேயே போய்விடுகிறவர்கள்தான் அதிகம். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். மெல்க்கிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் ஸ்பிட்ஸ் வந்துவிடும். அங்கே இறங்குங்கள். ஊருக்கு நடுவிலேயே ஒரு திராட்சைக் குன்று எழுந்து நிற்கிறது. அதன் பெயருக்கு 'ஆயிரம் வாளி மலை' என்று பொருள். நல்ல விளைச்சல் ஆண்டில் ஆயிரம் வாளி மது தரும் என்பது வழக்கு. பழைய அளவில் ஒரு வாளி என்பது சுமார் 56 லிட்டர்.

ஸ்பிட்ஸில் இரண்டு விஷயங்களைக் கட்டாயம் செய்யுங்கள்.

ஒன்று, அக்கரைக்குப் படகில் ஒருமுறை போய் வாருங்கள். எதிர்க்கரை ஊர் ஆர்ன்ஸ்டோர்ஃப். இந்தப் படகுக்கு எஞ்சின் கிடையாது. ஆற்றின் குறுக்கே, தலைக்கு மேலே வெகு உயரத்தில் ஓர் இரும்பு வடம் கட்டியிருக்கிறது. அதில் உருளும் கப்பிகளிலிருந்து கம்பிகள் இறங்கிப் படகைப் பிடித்திருக்கின்றன. படகோட்டி சுக்கானைத் திருப்பிப் படகைச் சற்றே சாய்வாக நிறுத்துகிறார், அவ்வளவுதான். ஓடும் தண்ணீர் படகின் விலாவில் மோதித் தள்ள, வடம் கீழே அடித்துப்போகாமல் பிடித்துக்கொள்ள, படகு பக்கவாட்டில் நகர்ந்து அக்கரை சேருகிறது. கார்கூட ஏறும். சத்தமே இல்லை. மேலே கப்பி உருளும் ஓசையும் விளிம்பில் தண்ணீர் சலசலப்பதும் மட்டும் கேட்கும். சில நிமிடம்தான். ஆனால் என் மனதில் வாஹாவ் என்றால் முதலில் வருவது அந்த அமைதிதான்.

இதற்குப் பின்னால் ஒரு போராட்டம் இருக்கிறது. டான்யூப் ஆஸ்திரியாவில் பெரும்பகுதி நீர்மின் அணைகளால் தேங்கிய ஆறு. தடையில்லாமல் ஓடுவது இங்கேயும் வியன்னாவுக்குக் கிழக்கேயும் மட்டும்தான். வாஹாவிலும் அணை கட்டத் திட்டம் இருந்தது. 1970-களில் தொடங்கி ஊர்மக்கள் திரண்டு எதிர்த்ததால் அது நின்றது. கட்டியிருந்தால் ஓட்டம் இல்லை, ஓட்டம் இல்லாவிட்டால் இந்தப் படகும் இல்லை.

இரண்டாவது, ஏதாவது ஒரு தோட்டப் பாதையில் ஏறி, படிக்கட்டுச் சுவர் ஒன்றின்மேல் உள்ளங்கையை வையுங்கள். மாலை நேரமானால் இன்னும் நல்லது, கல் கதகதப்பாக இருக்கும். சுண்ணாம்போ சிமென்ட்டோ இல்லாமல், கல்லைக் கல் கவ்வும்படி கையால் அடுக்கிய சுவர்கள் இவை. சாந்து இல்லாததால் மழைநீர் இடுக்கு வழியே வடிந்துவிடுகிறது, சுவர் உப்பிச் சரிவதில்லை. பகலில் வாங்கிய வெயிலை இரவில் செடிக்குத் திருப்பிக் கொடுக்கிறது. கிழக்கேயிருந்து வரும் வெதுவெதுப்பான காற்றும், இரவில் வடக்குக் காட்டு மேட்டிலிருந்து இறங்கும் குளிர்காற்றும் இந்தச் சரிவில்தான் சந்திக்கின்றன. பகல் சூடு பழத்தைப் பழுக்க வைக்கும், இரவுக் குளிர் அதன் புளிப்பையும் மணத்தையும் காப்பாற்றும். இந்தப் படிகளில் டிராக்டர் ஏறாது. இடிந்த சுவரை இன்றும் விவசாயியே ஒவ்வொரு கல்லாக எடுத்து அடுக்குகிறார். தோட்டத்துக்குள் போகும்போது சுவர்மேல் ஏறாதீர்கள், பழம் பறிக்காதீர்கள். ஒரு கல் பெயர்ந்தால் ஒருவருடைய அரை நாள் உழைப்பு போகும்.

ஸ்பிட்ஸிலிருந்து டூர்ன்ஸ்டைன் வரை

இந்தத் துண்டு ஏறத்தாழ பன்னிரண்டு கிலோமீட்டர். சைக்கிள்தான் சிறந்தது. வாடகைக்குக் கிடைக்கும், படகிலும் ஏற்றலாம். பாதை சமதளம், குழந்தைகளும் ஓட்டலாம். சைக்கிள் வேண்டாம் என்றால் வடகரைச் சாலையில் 715 எண் பேருந்து மெல்க்குக்கும் கிரெம்ஸுக்கும் நடுவே ஓடுகிறது. பருவ காலத்தில் மலைச்சரிவையொட்டிப் போகும் சிறு ரயிலும் உண்டு. 1909-இல் போட்ட பாதை அது, இன்று சுற்றுலாவுக்கு மட்டும் ஓடுகிறது.

வழியில் சாங்க்ட் மிஹாயேல் என்ற இடத்தில் மதில் சூழ்ந்த பழைய தேவாலயத்தைப் பாருங்கள். கூரை முகட்டில் சுட்ட மண்ணால் செய்த ஏழு விலங்குகள் வரிசையாக ஓடும். ஒருமுறை பனி கூரை வரை மூடியதாம், முயல்கள் அதன்மேலேயே ஓடினவாம், அதன் நினைவு இது என்கிறார்கள். அடுத்துப் பெரிய ஊர் வைஸன்கிர்ஹன். சாப்பிட நிறுத்த நல்ல இடம்.

ஹொய்ரிகரில் நடந்துகொள்ளும் முறை

ஹொய்ரிகர் என்பது திராட்சை விவசாயி தன் வீட்டு முற்றத்தில் தன் மதுவையே விற்கும் இடம். 1784-இல் பேரரசர் இரண்டாம் ஜோசஃப் கொடுத்த அனுமதியிலிருந்து வந்த வழக்கம். எல்லா வீடும் எல்லா நாளும் திறந்திருக்காது, முறை வைத்துச் சில வாரங்கள் திறப்பார்கள். வாசலில் கழி நட்டு அதன் நுனியில் பச்சைக் கொப்போ வளையமோ தொங்கினால் திறந்திருக்கிறது என்று பொருள். ரொக்கம் கையில் இருக்கட்டும். மேசையில் இடம் இருந்தால் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவரிடம் கேட்டுவிட்டு அமரலாம்.

வெள்ளை மதுதான் இங்கே பேர்போனது. குரூனர் வெல்ட்லீனர், ரீஸ்லிங் என்ற இரண்டு திராட்சை வகைகளை நினைவில் வைத்தால் போதும். மதுவின் கனத்தை மூன்று பெயரில் சொல்வார்கள். ஸ்டைன்ஃபேடர் மிக இலேசு, ஆல்கஹால் 11.5 சதவீதத்தைத் தாண்டாது. ஃபேடர்ஸ்பீல் நடுத்தரம், 12.5 வரை. அதற்கு மேல் ஸ்மராக்ட். கல்சுவர்களில் வெயில் காயும் மரகதப் பச்சைப் பல்லியின் பெயர் அது. நின்று கவனித்தால் அந்தப் பல்லியையே சுவரில் பார்க்கலாம். புதியவர்கள் ஃபேடர்ஸ்பீலில் தொடங்குங்கள். 'ஆஹ்டல்' என்று கேட்டால் லிட்டரில் எட்டில் ஒரு பங்கு ஊற்றுவார்கள். சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கும் இங்கே குடிபோதைச் சட்டம் உண்டு, கவனம். மது வேண்டாதவர்கள் தயங்கவே வேண்டாம். புளிக்காத திராட்சைச் சாறும் சர்க்கரை பாதாமிச் சாறும் எல்லா இடத்திலும் உண்டு, இரண்டுமே அருமை.

சைவக்காரர்கள் 'ஃபெகெட்டாரிஷ்' என்று சொல்லிக் கேளுங்கள். லிப்டவர் என்ற மிளகாய்ப்பொடி (பாப்ரிகா) கலந்த பாலாடைக்கட்டிப் பூச்சும் ரொட்டியும் சாப்பிடலாம், ஆனால் சிலர் அதில் மீன் சேர்ப்பதுண்டு, கேட்டுக்கொள்ளுங்கள். 'ஷ்மால்ட்ஸ்' என்று எழுதியிருந்தால் அது பன்றிக் கொழுப்பு, வெண்ணெய் என்று நினைத்துவிடாதீர்கள். ஜூலை, ஆகஸ்டில் போனால் மரில்லன்க்னேடல் கட்டாயம் சாப்பிடுங்கள். முழு சர்க்கரை பாதாமியை மாவில் பொதிந்து வேகவைத்து, வெண்ணெயில் வறுத்த ரொட்டித்தூளில் புரட்டித் தருவார்கள். கொழுக்கட்டையைப் பிட்டதும் பூரணம் ஆவியோடு வருமே, அதேபோல் பழம் புளிப்பும் இனிப்புமாக வழியும். மாவில் முட்டை இருக்கக்கூடும், தவிர்ப்பவர்கள் கேட்டுக்கொள்ளவும்.

டூர்ன்ஸ்டைன் ஏற்றம்

நீல வெள்ளைக் கோபுரம் தெரிந்தால் டூர்ன்ஸ்டைன் வந்துவிட்டது. அது 1788-இல் கலைக்கப்பட்ட மடத்தின் தேவாலயக் கோபுரம். நடுப்பகலில் தெருவில் தோளோடு தோள் இடிக்கும். நான்கு மணிக்குமேல் போனால் ஊர் மூச்சுவிடும்.

மேலே தெரியும் இடிந்த கோட்டைக்கு அரை மணி நேர ஏற்றம், நுழைவுக் கட்டணம் இல்லை. பாதை கல்லும் படியுமாக இருக்கும், செருப்பு வேண்டாம், நல்ல ஷூ போடுங்கள். சிலுவைப் போரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த இங்கிலாந்து மன்னர் முதலாம் ரிச்சர்டு 1192 டிசம்பரில் வியன்னா அருகே பிடிபட்டு இந்தக் கோட்டையில்தான் அடைக்கப்பட்டார். பிடித்தவர் ஆஸ்திரியக் கோமகன் ஐந்தாம் லியோபோல்ட். சிலுவைப் போரில் ஏக்கர் என்ற நகரின் முற்றுகையில் ரிச்சர்டு தரப்பு தன் கொடியை இறக்கி அவமதித்த கோபம் அவருக்கு. அடுத்த வசந்தத்தில் ரிச்சர்டைப் பேரரசரிடம் ஒப்படைத்தார்கள். 1,00,000 மார்க் வெள்ளி கைமாறிய பிறகு 1194-இல்தான் விடுதலை. லியோபோல்டின் பங்கில் வியன்னாவின் மதில் விரிந்தது, வீனர் நொய்ஸ்டாட் என்று ஒரு புதிய நகரமே எழுந்தது. பாடகன் ஒருவன் கோட்டை கோட்டையாகப் பாடிக்கொண்டே போய் மன்னரைக் கண்டுபிடித்தான் என்பது அழகான கதை, வரலாறு அல்ல. 1645-இல் சுவீடன் படை கோட்டையை இடித்தது. மேலே நிற்பது மொட்டைச் சுவர்கள்தான். ஆனால் அங்கிருந்து பார்த்தால் காலையிலிருந்து வந்த ஆற்று வளைவு முழுவதும் காலடியில் கிடக்கும்.

கிரெம்ஸும், நாள் மிச்சமிருந்தால் மற்றவையும்

டூர்ன்ஸ்டைனிலிருந்து கிரெம்ஸ் எட்டு கிலோமீட்டர். பேருந்தோ சைக்கிளோ போதும். பழைய நகரத் தெருக்களும் ஸ்டைனர் டோர் என்ற கோட்டை வாசலும் மாலை நடைக்கு நன்றாக இருக்கும். ரயிலின் நேரத்தைக் காலையிலேயே குறித்து வைத்திருங்கள்.

இரண்டாம் நாள் கிடைத்தால் கிரெம்ஸிலேயே தங்கி, எதிர்க்கரைக் குன்றின்மேல் உள்ள கெட்வைக் மடாலயத்துக்குப் போங்கள். 1083-இல் தொடங்கிய மடம், இன்றும் சொந்தமாக மது தயாரிக்கிறது. அரசப் படிக்கட்டின் கூரையில் ட்ரோகர் 1739-இல் வரைந்த ஓவியம் இருக்கிறது, பேரரசர் ஆறாம் சார்லஸ் சூரியக் கடவுளாகத் தேரேறி வருகிறார். மெல்க்கைவிட இங்கே கூட்டம் குறைவு. கால் வலு இருப்பவர்கள் அதற்குப் பதில் ஆக்ஸ்டைன் கோட்டைக்கு ஏறலாம். ஒரே நாளில் இரண்டையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஊருக்கு எடுத்துப்போக சர்க்கரை பாதாமி ஜாம் வாங்குவீர்கள். விமான நிலையத்தில் ஜாமையும் திரவமாகத்தான் கணக்கெடுப்பார்கள், அதனால் புட்டியைத் துணியில் சுற்றிப் பெரிய பெட்டியில் வையுங்கள்.